அடக்குதலும் அடங்குதலும்: மதுமீட்சியில் தாவோ மெய்யியல்

மொழியியல் படித்தவன் மதுப்பழக்கத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்னும் ஐயம் இத்தலைப்பைக் கண்டவுடன் ஆசிரியர்கள் சிலர்க்கேனும் எழுந்திருக்கும். நான் மருத்துவன் அல்லன். உளவியல் வல்லுநனும் அல்லன். சொற்களை ஆராய்வதே நாற்பது ஆண்டுகளாக என் தொழிலாக இருந்தது. ஆயினும், ஒரு சொல்லை நான் கவனமின்றிச் சொன்னதால் ஒரு மனிதர்க்கு நேர்ந்த இடர் என்னை இப்பொருளின் பக்கம் திருப்பியது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னோடு பல்லாண்டு பழகிய தமிழாசிரியர் ஒருவர், பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்னரே மதுவுக்கு ஆட்பட்டார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார். பின்னர், குடிநோயர் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் வாரக்கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்தார். தம்மினும் மேலான ஓர் ஆற்றலிடம் தம்மை ஒப்படைக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். மனைவியை இழந்தபின் அவர்க்கு இறைநம்பிக்கை அற்றுப்போயிருந்தது. இல்லாத ஒன்றிடம் எதை ஒப்படைப்பது என்று அவர் தயங்கியபோது, அதே கூட்டத்திற்கு வந்துகொண்டிருந்த சீனத் தச்சர் ஒருவர், கடவுள் வேண்டாமென்றால் தாவோ போதும் என்று மலாயில் சொல்லி, சிறு நூலொன்றையும் கையில் கொடுத்தார்.

அன்று மாலை ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, ‘வூ வெய்’ என்று இந்நூலில் அடிக்கடி வருகிறது. நம் மொழியில் இதற்கு என்ன சொல்வது?” என்று கேட்டார். நான் வெளியே புறப்படும் அவசரத்தில் இருந்தேன். “செயலின்மை” என்று ஒரே சொல்லில் விடைகூறிவிட்டு வைத்துவிட்டேன். இரு மாதம் கழித்து அவரை மருத்துவமனையில்தான் பார்த்தேன். கூட்டத்திற்குப் போவதை நிறுத்தியிருந்தார், மருந்தையும் விட்டிருந்தார், பிறகு பழையபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். “நீங்கள்தானே ஐயா ‘செயலின்மை’ என்றீர்கள்? நானும் ஒன்றும் செய்யாமல் இருந்து பார்த்தேன்,” என்றார். அவர் குரலில் கசப்பில்லை. அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிற்று. அச்சொல்லை அன்றிலிருந்துதான் முறையாகப் படிக்கத் தொடங்கினேன்.

யானையும் கையும்

‘வூ’ என்பது இன்மையைக் குறிக்கும். ‘வெய்’ என்பது செய்தலைக் குறிக்கும். அகராதியை மட்டும் பார்ப்பவர்க்குச் ‘செயலின்மை’ சரியான பெயர்ப்பாகவே தோன்றும். ஆனால், எலும்புகளிலும் ஆமையோடுகளிலும் பொறிக்கப்பட்ட மிகப் பழைய சீன எழுத்துகளில் ‘வெய்’ எவ்வாறு வரையப்பட்டுள்ளது என்று காணும்போது வேறு பொருள் புலப்படுகிறது. ஒரு கை, அக்கை பற்றிச் செலுத்தும் ஒரு யானை. யானையை வசப்படுத்தி வேலை வாங்கும் காட்சி அது. எழுத்தின் தொடக்க வடிவமே பிற்காலப் பொருளை முழுதும் தீர்மானித்துவிடாது என்பதை நான் அறிவேன். மாணவர்களுக்கும் அதையே கற்பித்துவந்தேன். இருப்பினும், மெய்யியல் நூல்களில் இச்சொல் ஆளப்படும் இடங்களோடு அவ்வோவியம் நன்கு பொருந்துகிறது. ‘வெய்’ என்பது வெறுமனே செய்தலன்று; ஒன்றைத் தன் விருப்பத்திற்கு வளைத்து வலிந்து செய்தல். ஆகவே ‘வூ வெய்’ என்பதை ‘வலிந்து செய்யாமை’ என்று பெயர்ப்பதே தகும்.

‘தாவோ தே ஜிங்’ என்னும் நூல் லாவோட்சு என்பார் இயற்றியதாக மரபு சொல்லும். எண்பத்தொரு சிற்றியல்களும் ஏறத்தாழ ஐயாயிரம் எழுத்துகளும் கொண்ட சிறுநூல் அது. 1993இல் ஹூபெய் மாநிலத்துக் குவோடியன் என்னுமிடத்துக் கல்லறையிலிருந்து அதன் பகுதிகள் எழுதப்பட்ட மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அக்கல்லறை ஏறத்தாழக் கி.மு. 300ஐச் சார்ந்தது. அத்தொன்மையான நூல் வலிந்து செய்யாமையைப் பேசும் இடங்களில், வேலை நிறைவேறுவதையும் சேர்த்தே பேசுகிறது. கைகட்டிச் சோம்பியிருப்பதை அது புகழவில்லை.

சுவாங்ட்சுவின் நூலில் மாட்டை வெட்டும் சமையற்காரன் ஒருவன் வருகிறான். பத்தொன்பது ஆண்டு ஆகியும் அவன் கத்தி தீட்டியது போலவே கூர்மையாக இருக்கிறது. எலும்பையும் தசைநாரையும் மோதி வெட்டாமல், மூட்டுகளுக்கு இடையே இயல்பாக உள்ள இடைவெளியில் கத்தியை அவன் செலுத்துவதே அதற்குக் காரணம். சிக்கலான முடிச்சு எதிர்ப்பட்டால் நிதானிக்கிறான், பார்வையை ஊன்றுகிறான், கையை மெல்ல அசைக்கிறான். நாள் முழுதும் வேலை செய்பவன் அவன். அந்த வேலைக்குச் ‘செயலின்மை’ என்று பெயர் சூட்டினால் அவனே நகைப்பான். இக்கதையை அன்று தொலைபேசியில் சொல்லியிருந்தால் பத்து மணித்துளிகூட ஆகியிருக்காது.

தன்வினையும் பிறவினையும்

தமிழாசிரியர்கள் கூடியுள்ள அவையில் இவ்விலக்கணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு, ஆறு–ஆற்று, தேறு–தேற்று, மீண்டான்–மீட்டான். மெல்லெழுத்து வல்லெழுத்தாகியும் வல்லெழுத்து இரட்டித்தும் தன்வினை பிறவினையாகிறது. குடிநோயர் வீடுகளில் வழங்கும் பேச்சைச் சில காலம் செவிமடுத்தபின் ஒன்றை உணர்ந்தேன். அவரை நோக்கிச் சுற்றத்தார் சொல்வன எல்லாம் பிறவினைகளே: ‘மனத்தை அடக்கு’, ‘உன்னைத் திருத்து’, ‘ஆசையை ஒழி’, ‘அதை வெல்’. ஆனால், மீண்டவர்கள் தம் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் தன்வினைகளையே ஆள்கிறார்கள்: ‘திருந்தினேன்’, ‘தேறினேன்’, ‘மீண்டேன்’, ‘மெல்ல மெல்ல அடங்கியது’. ‘திருத்திக்கொண்டேன்’ என்பாரும் உளர். அங்கும் ‘கொள்’ என்னும் துணைவினை வந்து, செயலின் பயனைச் செய்தவனிடமே திருப்பிவிடுகிறது. கூட்டத்து அன்பர்கள் பலரிடம் கேட்டுக் குறித்ததை வைத்துச் சொல்கிறேன். இதை ஆய்வு முடிவு என்று கொள்ள வேண்டாம்.

அடக்குதல் ஏன் தோற்கிறது என்பதற்கு உளவியலிலிருந்து ஒரு சான்று உண்டு. டேனியல் வெக்னர் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்க வேண்டாம். நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பின்னர், இனி நினைக்கலாம் என்று விடப்பட்டபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அந்நினைவு மிகுதியாக வந்தது. ‘குடியை நினைக்காதே’ என்று இரவும் பகலும் தமக்கே ஆணையிட்டுக்கொள்ளும் மனிதரின் தலைக்குள் எத்துணை மணிகள் ஒலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மானிடவியலாளர் கிரிகரி பேட்சன் இதை வேறு கோணத்தில் அணுகினார். மதுப்பழக்கத்தைப் பற்றி அவர் 1971இல் எழுதிய கட்டுரையை இன்றும் அத்துறையினர் படிக்கின்றனர். குடிப்பவர் தம்மையும் மதுப்புட்டியையும் இரு மல்லர்களாக எதிரெதிரே நிறுத்திக்கொள்கிறார் என்பது அவர் வாதம். ‘என்னால் இதை வெல்ல முடியும்’ என்னும் பெருமிதமே அவரைச் சில மாதம் குடியாமல் வைத்திருக்கிறது. ஆனால் வென்றபின் போட்டி இல்லை. போட்டி இல்லையேல் பெருமிதத்திற்கு இடமில்லை. எனவே, ‘ஒரு கோப்பை குடித்துவிட்டு நிறுத்திக் காட்டுகிறேன்’ என்னும் அடுத்த சவால் பிறக்கிறது. அந்த ஒரு கோப்பையில் எல்லாம் சரிகிறது. ‘உறுதியாக இரு’ என்று உற்றார் சொல்லும் அறிவுரை அப்போட்டிக்கே எண்ணெய் வார்க்கிறது. மன உறுதி குறைந்தவர்கள் குடிக்கிறார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குடிநோயர் பலர் தம் மன உறுதியை மிகையாக நம்பியதனாலேயே வீழ்கிறார்கள் என்பதை நானும் பேட்சனைப் படித்தபின்னரே உணர்ந்தேன்.

அவர் ஆராய்ந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டமைப்பின் முறையை. பங்குத் தரகராக இருந்த பில் வில்சனும் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் 1935இல் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் சந்தித்ததிலிருந்து அது தொடங்கியது. பன்னிரு படிகள் கொண்ட அதன் நூல் 1939இல் வெளிவந்தது. முதற்படியில் குடிநோயர், மதுவின்முன் தாம் ஆற்றலற்றவர் என்று ஒப்புக்கொள்கிறார். போட்டியிலிருந்து மல்லர் வெளியேறிவிடுகிறார் என்று பேட்சன் விளக்குவது இந்த இடத்தைத்தான். இம்முறை வெறும் நம்பிக்கை சார்ந்தது என்று ஒதுக்குவதற்கும் இல்லை. 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 27 ஆய்வுகளைச் சீர்தூக்கியது. மதுவை முற்றிலும் விட்டிருப்பதில் பன்னிருபடி முறை, பிற உளமருத்துவ முறைகளுக்குக் குறைந்ததன்று. சிலவற்றைவிட மேம்பட்டது என்ற முடிவுக்கு அது வந்தது.

இனி, தாவோ நூலுக்கு வருவோம். அதன் எழுபத்தொன்றாம் இயலில் நோயைக் குறிக்கும் ‘பிங்’ என்னும் எழுத்து இருமுறை அடுத்தடுத்து வருகிறது. முன்னது வினை, பின்னது பெயர். நோயை நோயென்று கொள்ளுதல் என்பது அதன் கருத்து. அவ்வாறு கொள்பவரே நோயற்றவராகிறார் என்று அவ்வியல் காட்டுகிறது. ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்பது சீனத்தில் இயல்பு. தமிழில் நமக்கு விகுதிகள் வேண்டும். மதுப்பழக்கத்தை ஒழுக்கக் குறை என்று மறைத்துக்கொண்டிருந்த அந்த ஆசிரியர், மாணவர்முன் நாற்பது ஆண்டு நின்றவர் என்பதால், ‘எனக்கு நோய்’ என்று சொல்லவே அஞ்சினார். முதற்படியையும் இவ்வியலையும் ஒருநாள் அருகருகே எழுதிக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலா, கீழா?

‘மேலான ஆற்றல்’ என்னும் தொடர் இறைநம்பிக்கையற்றோர்க்குத் தடையாகும் என்பதை அக்கூட்டமைப்பினர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். நம்பிக்கையற்ற உறுப்பினர் சிலர் வற்புறுத்தியதால், அவரவர் உணர்ந்தவாறான இறை என்னும் கருத்து மூன்றாம் படியிலும் பதினொன்றாம் படியிலும் சேர்க்கப்பட்டது. அந்த இடைவெளியில்தான் பலர் தாவோவை வைத்துக்கொள்கின்றனர். தாவோ என்பதற்கு வழி என்று பொருள். அது கட்டளையிடுவதில்லை, வேண்டுதலுக்குச் செவிசாய்ப்பதில்லை, சினப்பதும் இல்லை. உலகம் இயங்கும் முறைக்குப் பெயர் அது. இன்னொன்றும் கருதத்தக்கது. லாவோட்சுவின் நூல் தாவோவுக்கு உவமையாக நீரை எடுத்துக்கொள்கிறது. நீரோ யாவரும் வெறுக்கும் தாழ்ந்த இடத்தையே நாடிச் செல்கிறது. எனவே, தாவோ ‘மேலான’ ஆற்றல் அன்று. கீழே கிடக்கும் ஆற்றல். வேலையையும் மதிப்பையும் இழந்து, தலைநிமிர்ந்து பார்க்கவும் கூசும் ஒருவர்க்கு அது எட்டும் தொலைவில் இருக்கிறது.

தமிழில் ‘ஆறு’ என்பதற்கு வழி என்றும் நதி என்றும் பொருளுண்டு. புண் ஆறுதலும் சினம் ஆறுதலும் அவ்வொலியிலேயே அமைந்துள்ளன. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு வேர் ஒன்றென்று முடிவுகட்டுவது என் துறையில் பெரும்பிழை. அப்பிழையை நான் செய்யவில்லை. எனினும், தாவோவை நம் மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர்க்கு இதைவிட நல்ல சொல் எளிதில் வாய்க்காது.

அந்நூலின் பதினைந்தாம் இயலில் கலங்கிய நீர் பேசப்படுகிறது. அதை யார் கைவிட்டுத் தெளிவிக்க முடியும்? அசையாமல் விட்டால் மெல்லத் தானே தெளியும் என்பது கருத்து. நம் முன்னோர் கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுக் காத்திருப்பர். வண்டல் அடியில் படியும். கொட்டையை உரைப்பது செயல். காத்திருப்பது வலிந்து செய்யாமை. இரண்டும் வேண்டும். போதையைப் பற்றிப் பேசும்போதும் தமிழர் ‘தெளிந்தது’ என்றே சொல்கிறோம். விந்தை என்னவெனில், வடித்துத் தெளிந்த கள்ளுக்குச் சங்க இலக்கியம் வழங்கும் பெயர் ‘தேறல்’. நோயிலிருந்து மீள்வதும் ‘தேறல்’. இங்கே ஒலி மட்டுமன்று, வேரும் ஒன்றே.

அருவியில் நீந்தியவன்

சுவாங்ட்சுவின் பத்தொன்பதாம் இயலில் ஒரு காட்சி. மீனும் ஆமையும் நீந்தவியலாத பேரருவியின் சுழலில் ஒருவன் வீழ்ந்ததைக் கன்பூசியசு காண்கிறார். உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியவன் என்று கருதி, மாணவரைக் கரையோரமாக ஓடச் செய்கிறார். சில நூறு அடிக்கு அப்பால் அவன் கரையேறி, கூந்தலை விரித்துப் பாடிக்கொண்டு நடக்கிறான். நீந்துவதற்கு உனக்கென்று தனிவழி உண்டா என்று கேட்கிறார். தனிவழி ஏதுமில்லை, உள்ளிழுக்கும் சுழலோடு உள்ளே போய், வெளித்தள்ளும் சுழலோடு வெளியே வருவதாக அவன் விளக்குகிறான்.

இக்கதையை ஆலன் மார்லட் படித்திருந்தாரா என்பது இங்கே பொருட்டன்று. அமெரிக்க உளவியலாளரான அவர், மீண்டும் குடிக்கு வீழ்வதைத் தடுப்பது பற்றி ஜூடித் கோர்டனுடன் சேர்ந்து 1985இல் வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படையானது. குடிவேட்கையைக் கடலலையோடு ஒப்பிட்டவர் அவர். அலை எழும், உச்சிக்கு வரும், தாழும். எதிர்த்து நிற்பவரை அது புரட்டிவிடும்; மேலே மிதப்பவர் கரைக்கு வருவார். ஆகவே வேட்கை எழும்போது அதை ஒடுக்கவும் வேண்டாம், அதற்குப் பணியவும் வேண்டாம். உடலில் எங்கே அது தோன்றுகிறது என்று உற்றுநோக்க வேண்டும்: தொண்டையிலா, வயிற்றிலா, கைவிரல்களிலா? மூச்சைக் கவனித்தபடி அது ஏறுவதையும் இறங்குவதையும் காண வேண்டும். ஊட்டி வளர்க்காவிடில் பெரும்பாலான வேட்கைகள் அரைமணிக்குள் தணிந்துவிடுகின்றன. அடக்கியதால் தணிவதில்லை, அடங்குவதற்கு இடம் தரப்பட்டதால் தணிகின்றன. நான் தமிழில் தேடிக்கொண்டிருந்த வேறுபாடு இதுவே.

மார்லட் கூறிய மற்றொன்றும் தாவோ மரபுக்கு நெருங்கியது. நெடுநாள் குடியாமல் இருந்தவர் ஒருமுறை தவறிவிட்டால், ‘எல்லாம் போயிற்று, இனி என்ன?’ என்னும் எண்ணமே முதற்கோப்பையைவிடப் பெருந்தீங்கு செய்கிறது. நிமிர்ந்து நின்ற மரம் புயலில் முறிவதையும், வளைந்த புல் மீண்டும் எழுவதையும் ஒத்தது இது. வளையும் பொருளையே உயிருள்ளது என்று லாவோட்சு கருதுவார். நாள்கணக்கைக் காட்டும் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒருநாள் தவறியதும் அதைக் கிழித்தெறிந்தவர்களை நான் அறிவேன். கணக்கு வேண்டாம் என்பதன்று என் கருத்து. அட்டவணையே மனிதரை முறிக்கும் கோலாக மாறிவிடக்கூடாது.

வண்டியிலிருந்து விழுந்தவனும் ஆணையிட்ட கணவனும்

தாவோ மரபை மதுவுக்கு எதிரான மரபு என்று காட்டிவிட்டு நகர்ந்தால் நான் நேர்மையற்றவனாவேன். சுவாங்ட்சுவின் அதே பத்தொன்பதாம் இயலில் குடிகாரன் ஒருவனைப் பற்றிய புகழ்ச்சி போன்ற ஒரு பகுதி உண்டு. ஓடும் வண்டியிலிருந்து அவன் விழுகிறான், காயம்படுகிறது, ஆனால் சாவதில்லை. அவன் எலும்பும் மூட்டும் பிறர்க்கு உள்ளவை போன்றவையே. ஏறியதும் தெரியாது, விழுந்ததும் தெரியாது. அச்சம் உள்ளே புகவில்லை. அவன் உள்ளம் முழுமையாக இருந்தது. குடிப்பவர் சிலர் இப்பகுதியைத் தமக்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் சுவாங்ட்சு அங்கே நிற்கவில்லை. மதுவிலிருந்தே ஒருவன் இத்தகைய முழுமையைப் பெறுவானாயின், இயற்கையிலிருந்து பெறுவது எத்துணைப் பெரிதாயிருக்கும் என்று மேலே செல்கிறார். மது அங்கே போலிப்பொருள், உண்மைப்பொருள் வேறு.

இதைப் படிக்கும்போது, உளவியலாளர் கார்ல் யுங் 1961ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பில் வில்சனுக்கு எழுதிய மடல் நினைவுக்கு வருகிறது. குடிவேட்கை என்பது அடிமட்டத்தில் முழுமைக்கான ஆன்ம வேட்கையே என்னும் கருத்தை அவர் அதில் எழுதினார். இலத்தீன் மொழியில் ஆவியையும் சாராயத்தையும் ஒரே சொல் குறிப்பதையும் சுட்டினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருவரும் ‘முழுமை’ என்னும் கருத்தில் வந்து சேர்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. குடிப்பவரிடம் ‘நீ தேடுவதே தவறு’ என்பதைக் காட்டிலும், ‘நீ தேடுவது சரி, தேடும் இடம் தவறு’ என்பது அவரை மதிக்கும் பேச்சு.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் மூங்கிற்றோப்பு எழுவர் எனப் பெயர்பெற்ற அறிஞருள் லியூ லிங் என்பவர் இருந்தார். தாவோவைப் போற்றியவர், பெருங்குடிகாரர். ஐந்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘ஷிஷுவோ சின்யு’ என்னும் நூல் அவரைப் பற்றி ஒன்றைச் சொல்கிறது. அவர் மனைவி மதுவைக் கொட்டி, கலங்களை உடைத்து, அழுதபடி குடியை விடுமாறு வேண்டினார். அவரும் இசைந்தார். என்னால் தனியே முடியாது. தெய்வங்களின்முன் ஆணையிட வேண்டும். படையலுக்கு மதுவும் இறைச்சியும் கொண்டுவா என்றார். மனைவி கொண்டுவந்தார். அவர் மண்டியிட்டு, தாம் குடிக்கவே பிறந்தவர், பெண்டிர் பேச்சுக்குச் செவிகொடார் என்று தெய்வங்களிடம் அறிவித்துவிட்டு, படையல் மதுவைக் குடித்து மயங்கினார். இதை நகைச்சுவையாகவே நூற்றாண்டுதோறும் எழுதியும் படித்தும் வந்துள்ளனர். படையலைத் தன் கையால் எடுத்துவைத்த அந்த மனைவியின் நிலையிலிருந்து படித்தால் நகைப்பு வாராது. அவர் பெயரைக்கூட அக்கதை சொல்லவில்லை.

மறுபுறம், தாவோ சமயத்தின் ஐந்து நோன்புகளுள் மது அருந்தாமையும் ஒன்று. நோன்பு என்பது துறவியர்க்கும் அடியார்க்கும் உரியது. நான் பேசுவது மெய்யியலை. தாவோ யுவான்மிங் என்னும் கவிஞர் (கி.பி. 365–427) மதுவைப் பாடிப் புகழ்பெற்றவர். அவரே மதுவை நிறுத்துவது பற்றியும் ஒரு பாடல் பாடியுள்ளார். அதன் ஒவ்வோர் அடியிலும் ‘நில்’, ‘நிறுத்து’ என்று பொருள்படும் ‘ஜி’ என்னும் எழுத்து வருகிறது. சீனத்தில் அறிதலைக் குறிக்கும் சொல்லும் ‘ஜி’தான், ஏற்ற இறக்கமே வேறு. நிற்கவேண்டிய இடத்தை அறிதல் என்னும் பொருளில் லாவோட்சு இவ்விரண்டையும் இணைத்துச் சொல்வார்: ‘ஜி ஜி’. போதும் என்று அறிதலுக்கு ‘ஜி ட்சு’. தாவோ யுவான்மிங் உண்மையில் நிறுத்தவில்லை என்றே தெரிகிறது. அச்சொல்லை அவர் தம் பாடலில் திரும்பத் திரும்ப எழுதியதில், குடிநோயர் ஒவ்வொருவரும் அறிந்த ஏக்கம் இருக்கிறது.

எங்கே வலிமை வேண்டும்

இனி எச்சரிக்கை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலிருந்தபடியே திடீரென்று நிறுத்துவது உயிர்க்கே தீங்காகலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் நடுக்கமும் மனக்குழப்பமும் இல்லாத உருவங்களைக் காணுதலும் தோன்றலாம். இது மருத்துவமனையில் பார்க்கவேண்டிய நிலை. தையமின் என்னும் உயிர்ச்சத்தும் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளும் அங்கே தரப்படும். பின்னர் வேட்கையைக் குறைக்கும் நல்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உள்ளன. தேநீரும் தியானமும் இவற்றுக்கு மாற்றல்ல. என் ஒற்றைச்சொல்லால் அந்த ஆசிரியர் மருந்தை விட்டதை நான் மறக்கவில்லை. சமையற்காரன் முடிச்சைக் கண்டால் நிதானித்ததுபோல், மருத்துவரை நாடுவதும் வலிந்து செய்யாமையில் அடங்கும்.

நம் நாட்டுத் தமிழர் வரலாற்றில் பிறவினைக்கு உரிய இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தனர். கடையை ‘ஒழி’ப்பது நியாயமான பிறவினை, கூலியைக் கள்ளாக மாற்றித் திரும்பப் பெற்றுக்கொண்ட ஏற்பாட்டை எதிர்த்துப் போராடத்தான் வேண்டும். அப்போராட்ட மொழியை அப்படியே எடுத்துவந்து ஒரு தனிமனிதரின் நெஞ்சுக்குள் நடத்தச் சொன்னபோதுதான் நாம் தவறினோம் என்று கருதுகிறேன். கள்ளுக்குப் பின் வந்த மலிவுச் சாராயத்தை நம்மவர் ‘சம்சு’ என்பர். அச்சொல் சீனத்திலிருந்து வந்தது. அதே மொழியிலிருந்து வேறு சொற்களையும் நாம் பெறலாம்.

அந்த ஆசிரியர் மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் மருந்தையும் கூட்டத்தையும் மீண்டும் தொடங்கினார். மாலை ஆறு மணிதான் அவர்க்குக் கடினமான நேரம். அந்நேரத்தில் தச்சரும் அவரும் கோப்பிக் கடையில் ஆளுக்கொரு தே ஓ வாங்கிக்கொண்டு அமர்ந்திருப்பர். தச்சர் மிகுதியாகப் பேசமாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார், ஏழு மணியானதும் இருவரும் எழுந்து வீடு திரும்புவர். மழை பெய்தாலும் இவ்வழக்கம் தவறுவதில்லை என்று கேள்வி.

சென்ற திங்கள் அவர் மறுபடியும் என்னை அழைத்தார். அந்நூலில் ‘ட்சுரான்’ என்று ஒரு சொல் வருகிறதாம். தமிழில் என்ன என்று கேட்டார். சற்றுப் பொறுங்கள் என்றேன். மூன்று நாள் கழித்து, ‘தன்னியல்பு’ என்று ஒரு தாளில் எழுதி, அச்சொல் எங்கெங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் அதன்கீழ் ஒரு பக்கத்திற்கு எழுதி, அஞ்சலில் அனுப்பினேன்.